பொதுக் குழாய்

கொட்டாஞ்சேனை ஒழுங்கையொன்றில்
ஒரே வீட்டுக்கு இரண்டு இலக்கம்: 41, 41/1.
நடுவில் ஒட்டுப்பலகை.
இந்தப் பக்கம் மெட்டில்டா,
அந்தப் பக்கம் தம்பி அன்ஸலம்.
உறுதி பிரித்தார்கள், முற்றம் பிரித்தார்கள்,
மீட்டர் இரண்டு, கேற் இரண்டு,
மாதா படத்தில்
சட்டம் அக்காவுக்கு, படம் தம்பிக்கு.

காஸ் குழாயைப் பிரிக்க மறந்துவிட்டார்கள்.
பின்பக்கக் கம்பிக்கூட்டுச் சிலிண்டரிலிருந்து
ஒற்றைச் செப்புக் குழாய்
பலகையைத் துளைத்து
இரண்டு குசினிக்கும் போகிறது.
பெயின்ற் மேல் பெயின்ற் ஏறி
அதுவும் சுவரென்றே ஆகியிருந்தது.

"கடிக்குது தம்பி" என்றா மெட்டில்டா.
மீன் கழுவிய கை தண்ணிப் பைப்பில்,
மற்றக் கை காஸ் வால்வில்:
முழங்கை வரை எறும்பு ஏறுதாம்.
போன கிழமை வந்த ஆள்
செருப்புப் போடச் சொல்லி
ஆயிரம் ரூபா வாங்கிப் போனானாம்.

மெயினை அணைத்தேன்.
ஃபிரிட்ஜ் ஒருமுறை செருமி அடங்கியது.
மீட்டரின் ஒரு முள்ளைப் பைப்பிலும்
மற்றதைக் குழாயிலும் வைத்தேன்.
அறுபத்தொரு வோல்ட்.
வீட்டில் கரண்டே இல்லை,
குழாயில் அறுபத்தொன்று.

நிமிர்ந்து பலகையைப் பார்த்தேன்.
அவவும் பார்த்தா.
"அங்க நான் போகமாட்டன். நீங்க போங்கோ."

சுற்றிப் போனேன்: கேற், ஒழுங்கை, கேற்.
அன்ஸலத்தின் குளியலறையில்
உள்ளே கசிந்துபோன பழைய கீசர்.
அடிக்கடி விழுகுதென்று ட்ரிப் சுவிட்சை
ஒரு துண்டு வயரால் ஊமையாக்கி வைத்திருந்தார்.
ஏர்த் கம்பியோ சீமெந்துக்குள் துருவாய்ப் போயிருந்தது;
அதற்குப் பதிலாக எவனோ ஒருவன்
பச்சை வயரை உரித்துக்
காஸ் குழாயில் நாலு சுற்றுச் சுற்றியிருந்தான்,
நேர்த்திக்கடன் நூல் கட்டுவதுபோல.

"என்ர பக்கம் ஒருக்காலும் கடிக்கேல்லையே" என்றார்.
கடிக்காது.
இங்கே தண்ணிப் பைப்பெல்லாம் பிளாஸ்ரிக்;
மற்றக் கைக்குப் பிடிக்க இரும்பில்லை.
உயரம் கொல்வதில்லை, ஐயா,
இரண்டு கைக்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான் கொல்லும்.
மெயின் வயரில் தூங்கும் காகத்துக்கு
இது நன்றாகவே தெரியும்.
ஆனால் உங்கள் கீசரின் கோபம்
உங்கள் குழாய் வழியே போய்
அக்காவின் ஈரக் கையில் முடிகிறது.
காஸ் கசிந்த நாளில் ஒரு பொறி பறந்தால்
41 என்றும் 41/1 என்றும் அது பார்க்காது.

வேலை இரண்டு நாள் எடுத்தது.
கீசரைக் கழற்றினேன். புது ட்ரிப் சுவிட்ச் போட்டேன்.
முற்றத்தில் செப்புக் கம்பி இறக்கினேன்,
எட்டாவது அடியில்தான் ஈர மண்.
குழாயில் ஓரிடத்தை அரத்தால் சுரண்டினேன்:
வெள்ளை, நீலம், இன்னொரு வெள்ளை,
பிறகு, பிறந்த நாளில் இருந்ததுபோல் செம்பு.
அதில் கிளாம்ப் இறுக்கினேன்.

மிச்சம் ஒரு வேலை.
இரண்டு வீட்டு ஏர்த்தும் ஒன்றாக வேண்டும்.
பச்சை மஞ்சள் வயர், பத்து மில்லிமீற்றர்,
பலகைக்கு ஊடாக.

துளை போட்டேன்.
அந்தப் பக்கம் இழுக்க ஆள் வேண்டும்,
இந்தப் பக்கம் தள்ள ஆள் வேண்டும்,
நான் ஏணியில்.
மெட்டில்டா தள்ளினா.
வயர் நடுவில் சிக்கியது.
கொஞ்ச நேரம் எதுவுமில்லை,
லூசியா கோயில் மணி மட்டும்.
"இழு" என்றா, பலகையைப் பார்த்து.
"இழுக்கிறன்தானே" என்றது பலகை.

மீண்டும் அளந்தேன்.
பூச்சியம் வரவில்லை.
தசம் மூன்று வோல்ட்.
பூச்சியம் வீடுகளில் வருவதில்லை;
இது போதும், கை தாங்கும்.

"ஒரு பில்லா எழுதட்டுமா?" என்று கேட்டேன்.
"ரெண்டு" என்றார்கள்
இரண்டு பக்கத்திலிருந்தும்
ஒரே நேரத்தில்.

வயர் நாலு மீற்றர். ஆளுக்கு இரண்டு போட்டேன்.
துளை போட்ட கூலியை
யார் பெயரில் எழுதுவதென்று தெரியவில்லை.